பெண்கள் பக்கத்துத் தூண்

1961 ஜூன் 11, தென்காசி

வந்து சேர்ந்துவிட்டேன். ஆலங்குளத்திலிருந்து அப்பாவே பஸ்ஸில் கூட்டிவந்து, ஒப்படைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். பார்சல் கொண்டுவந்து போட்ட மாதிரி.

கடைசி வருஷ மாணவர்கள் இரண்டு மாதம் வெளியே எங்காவது அரங்க வேலை பழகிவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் சென்னை ஓவியக் கல்லூரியின் விதி. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடப் போய்விட்டார்கள். எனக்கு வாய்த்தது தென்காசி சாரல் நாடக சபா. "சினிமா ஸ்டுடியோவா? பொம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் சரிப்படாது" என்று அப்பா முடித்துவிட்டார். இங்கே ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் ஆளுக்கொரு வேலை பார்த்துவிட்டு மாலையில் கூடுகிறார்கள். சீசனுக்கு வருகிற கூட்டத்துக்காகச் சனிக்கிழமைதோறும் குற்றாலத்தில் நாடகம். செலவு போக மிஞ்சுவது ஊர் நூலகத்துக்கு. புண்ணியம்தான். ஆனால் நான் படித்தது புண்ணியத்துக்கா?

தங்குவது பால்வண்ணநாதன் அண்ணாச்சி வீட்டில். தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சபாவில் பெண் வேஷக்காரர், அதனால் மீசை இல்லை. அவர் மனைவி சொக்கம்மாளை அக்கா என்று கூப்பிட்டேன். "அவுகளை அண்ணாச்சிங்கே, என்னை அக்காங்கே. முறை இடிக்குல்லாட்டி? மதினின்னு கூப்பிடு" என்றாள். இந்த ஊரில் பிடித்த முதல் ஆள்.

ஜூன் 13

காலையில் கண்விழித்தால் அண்ணாச்சி அடுக்களை வாசலில் சுளகும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். அரிசி புடைத்து, கல் பொறுக்கி, ஒரு நறுவிசு! "பெண் வேஷத்துக்கு வீட்டிலேயே ஒத்திகையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த கல்லைத் தேடினார்.

"இந்த வீட்டுல அரிசி புடைக்கது அவுக வேலை. என்னைச் சுளகைத் தொட விடமாட்டாக" என்றாள் மதினி. எங்கள் அப்பா தண்ணீர் மோந்து குடிக்கக்கூட அம்மாவைக் கூப்பிடுகிறவர். மதினி கொடுத்து வைத்தவள்தான்.

ஜூன் 15

நேற்றுத் திரையில் பூசிய வானம் இன்னும் ஈரம். சபா பட்டறையில், கீழே கங்குச் சட்டி வைத்து வாட்டிக்கொண்டிருக்கிறோம். மேடைத் தச்சர் தங்கசாமி ஆசாரி எட்டிப் பார்த்து, "சாரல் நிக்கித வரைக்கும் ஒன் வானம் இப்படித்தான் அழுதுகிட்டு கெடக்கும் பாப்பா" என்கிறார். கோடம்பாக்கத்தில் ராட்சச மின்விசிறி உண்டாம். இருக்கட்டும்.

ஜூன் 18

நேற்று நாடகம் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

குற்றாலத்தில் ஒரு தகரக் கொட்டகை. வலப்பக்கம் ஆண்களுக்கு நாற்காலியும் பெஞ்சும். இடப்பக்கம் கயிறு கட்டிப் பெண்களுக்குப் பாய். எங்கள் மூக்குக்கு நேராக, மேடையின் ஓரத்தில், கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத ஒரு மரத்தூண். செக்ரட்டரி முத்துக்குமாரசாமி உபயம் என்று அதில் பெயரே எழுதியிருக்கிறது. அரண்மனையானாலும் குடிசையானாலும் தூண் தூணாகவே நிற்கிறது.

நாடகத்துக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் ஊரில் எல்லாருக்கும் அது சுளகு நாடகம். பட்டாளத்துக்குப் போன மகன் இறந்துவிட்டதாகச் சேதி வரும். அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் தாய் அழமாட்டாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்தக் காட்சிக்காகவே மதுரையிலிருந்தெல்லாம் ஆள் வருகிறதாம். தாயாக அண்ணாச்சி. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தூணும், தூணைத் தாண்டி அவர் முதுகும், அதில் மதினியின் பச்சைச் சேலையும்தான். வலப்பக்கத்தில் ஆண்கள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தை முறுக்குக் கேட்டு அழுதது.

"நாங்க நாடகம் கேக்கத்தானே வாரோம்" என்றார் பக்கத்தில் இருந்த ஜாஹிரா பீவி. வடகரையிலிருந்து வருஷம் தவறாமல் வருகிறவர். "அந்த எடத்துல மட்டும் கேக்கவும் ஒண்ணும் இருக்காது."

மதினியிடம் திரும்பினேன். "நீங்களுமா பார்த்ததில்லை?"

"எங்கன பாக்க? ஆரம்பத்துல இருந்து முதுகைத்தான் பாக்கேன். முதுகும் நல்லாத்தான் நடிக்கும்."

ஜூன் 20

எந்த இடத்தில் உட்கார்ந்தால் மேடையில் எது தெரியும் என்று கோடு போட்டுப் பார்ப்பது எங்களுக்கு முதல் பாடம். இங்கே கோடு போட்டவர்கள் எல்லாரும் வலப்பக்கத்தில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். செக்ரட்டரியிடம் சொன்னேன். "நன்கொடை குடுக்கித ஆளுக வலப்பக்கம்லாம்மா இருக்காக" என்றார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இந்த நாடகத்துக்குப் புது வீடு கட்டப்போகிறேன்.

ஜூன் 27

மத்தியானம் பெரிய சாரல். மதினி பச்சைச் சேலைக்குக் கஞ்சி போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான், கேட்காமலேயே, சொன்னாள்.

ஒரு பெண் குழந்தை இருந்திருக்கிறது. வடிவு. இதே மாதிரி ஒரு சீசனில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி கூட இருந்தார். மதினி சோறு பொங்கி எடுத்துப்போக வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணாச்சி தனியாகத் திரும்பி வந்தார்.

"நடையில நின்னு சொன்னாக. சொல்லிட்டு வாசப்படியில போயி உக்காந்துட்டாக. நான் என்ன செஞ்சேன், அழுதேனா, கூப்பாடு போட்டேனா... ஒண்ணும் ஞாபகம் இல்ல அகிலா. அவுக என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

அதற்குப் பிறகு குழந்தை இல்லை. "தங்கமான மனுசன். ஒரு சொல்லு சொன்னதில்ல. ஆனா அன்னைக்கு ஒரு தடவை பாத்திருக்கலாம்" என்றாள். சேலையின் மடிப்பு கோணிவிட்டது. பிரித்து மறுபடி மடித்தோம்.

ஜூலை 2

தீப்பெட்டி அட்டையில் மாதிரி வீடு தயார். சுவர்கள் விரித்த புத்தகம் போல இரண்டு பக்கமும் திறக்கும். தாய் உட்காருகிற இடம் நடு முன்மேடை, முகம் சற்றே இடப்பக்கம். நன்கொடைக்காரர்களுக்கும் நஷ்டமில்லை. தூண் பின்னால் போய் வீட்டு வாசல் தூணாகிவிடும்.

செக்ரட்டரியை வெற்றுக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், பெண்கள் பக்கத்தில் பாயை விரித்து, "உட்காருங்கள்" என்றேன். வேஷ்டி அழுக்காகுமே என்று யோசித்தார். உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். "ஏ ஆசாரி, இங்கன இருந்தா என் பேருல்லா தெரியுது! நாடகத்தைக் காணோமே!" தங்கசாமி ஆசாரி சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். தூண் நகரச் சம்மதம்.

ஜெயித்துவிட்டேன்!

ஜூலை 5

ஜெயிக்கவில்லை. அண்ணாச்சி மாட்டேன் என்கிறார். வலப்பக்கம் பார்த்தே பழகிவிட்டதாம். "வேண்டாம்மா, விட்டிரு." அவ்வளவுதான். சாது மாதிரி இருந்துக்கிட்டு என்ன பிடிவாதம்! பொம்பளைங்க பாத்தா என்ன தேஞ்சா போயிருவீங்க? பொம்பள வேஷம் போட்டுக்கிட்டு பொம்பளைங்களுக்கே முதுகைக் காட்டுதது எந்த ஊரு நியாயம்? — இதில் பாதியை நேரிலேயே கேட்டுவிட்டேன். சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கும் இறங்கவில்லை.

ஜூலை 6

காலையில் மதினி குளிக்கப் போனதும் அண்ணாச்சி சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தச் சீனு என் நடிப்பு இல்லம்மா. அவ செஞ்சது."

மெதுவாகத்தான் சொன்னார். அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து மதினியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். சேதியைக் கேட்ட பிறகும் கை நிற்கவில்லை. அரிசியை எடுத்து எடுத்துத் தரையில் போட்டாள். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிச் சுளகில் வைத்துக்கொண்டாள். கடைசியில் சுளகு நிறையக் கல்லும், மண்ணும், உமியும்.

"எந்திரிச்சுப் போயி அவ கையைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரலை. பொறவு ஒரு நாள் மேடையில இந்தச் சீனு வந்துச்சு. கை தானா அப்படிச் செஞ்சுட்டு. ஊரே கை தட்டுது. அவ துக்கத்தை எடுத்து நான் கைதட்டு வாங்கியிருக்கேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ பக்கம் திரும்ப?"

அதனால்தான் இந்த வீட்டில் மதினி சுளகைத் தொடுவதில்லை.

"நீ உன் வேலையைச் செய்யி. முகத்தை எங்க வைக்கச் சொல்லுதியோ அங்க வைக்கேன். ஆனா அவளை மட்டும் அன்னைக்குக் கூட்டிட்டு வராதே."

நேற்றுப் பேசிய பேச்சுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூலை 8

ஒருத்தி, அவர் பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவர், பார்த்ததை மறைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நான் — இருபது வயசுக் கழுதை — அட்டை வீட்டை வைத்துக்கொண்டு. மதினியிடம் சொல்லிவிடலாமா? என் வாயிலிருந்து வந்தால் அது வெறும் சேதி. அண்ணாச்சியே சொல்கிற மாதிரி இருக்காது. சொல்லாமல் அழைத்துப்போனால், தாங்குவாளா? தூணை நகர்த்தப் போய் ஒரு வீட்டை உடைத்துவிட்டால்?

பேசாமல் கோடம்பாக்கத்துக்கே போயிருக்கலாம்.

ஜூலை 12

தூண் நகர்ந்துவிட்டது. நான்கு பேர் தூக்கினார்கள். செக்ரட்டரி தன் பெயர் சபையைப் பார்த்து இருக்கிறதா என்று சரிபார்த்தார்.

ஜூலை 14

மதினியிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. முழுசாகச் சொல்லவும் இல்லை. "மதினி, அந்தக் காட்சியில் உங்களுக்கு வலிக்கிற மாதிரி ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி நீங்கள் வரவேண்டாம் என்கிறார். முடிவு உங்களுடையது" என்றேன்.

அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, "என் சேலையைக் கட்டிக்கிட்டு ஊர்ல உள்ளவனையெல்லாம் அழ வைக்காக. நான் பாக்காம யாருட்டி பாக்கது?" என்றாள்.

ஜூலை 16

நேற்று நடந்ததை எழுதிவிடவேண்டும்.

மதினி முன்வரிசைப் பாயில், பக்கத்தில் நான், அந்தப் பக்கம் ஜாஹிரா பீவி. புது வீடு தெரிந்ததும் எங்கள் பக்கத்தில் "ஆ" என்று ஒரு சத்தம் எழுந்தது. சாதாரண நாளாயிருந்தால் அதற்கே நான் குதித்திருப்பேன்.

சேதி வந்தது. அண்ணாச்சி, மதினியின் பச்சைச் சேலையில், எங்களுக்கு நேர் எதிரே. கை நிற்கவில்லை. அரிசி தரையில் விழுந்தது. கல் சுளகில் விழுந்தது. தகரத்தின் மேல் சாரல் சத்தம் மட்டும். ஜாஹிரா பீவி, "அல்லா, இந்தத் தாய் என்ன செய்யிதா" என்று முனகினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மதினி அழவில்லை. மடியில் இருந்த அவளுடைய கை — அதுவும் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லாத மடியிலிருந்து, விரல் விரலாக. அவளுக்கே தெரியாது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அண்ணாச்சி நிமிர்ந்தார். நாடகத்தில் அந்த இடத்தில் நிமிரக்கூடாது. நிமிர்ந்து எங்கள் பக்கம், நேராக மதினியைப் பார்த்தார். மையெல்லாம் கரைந்துவிட்டது. திரை விழத் தாமதமானது. அதுவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில். தென்காசி வெளிச்சம் தெரிந்தபோது மதினி, அண்ணாச்சியிடம் இல்லை, என்னிடம், சொன்னாள்:

"பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காக, அகிலா. ஒரு கல்லு விடாம பாத்திருக்காக."

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி அவர் தோளைத் தொட்டு, "இங்கன திரும்புங்க" என்றாள். திரும்பினார்.

நான் அழுது தீர்த்துவிட்டேன். பஸ்ஸில் அழுதது நான் ஒருத்திதான்.

ஜூலை 17

அண்ணாச்சி ஆபீசுக்கு லீவு. வாசற்படியில் இருவரும் உட்கார்ந்து வடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதற்கோ சிரிப்பும் கேட்டது. நான் வேண்டுமென்றே பட்டறையில் தங்கிவிட்டேன். திரை வானம் காய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 6

இன்று கிளம்புகிறேன். செக்ரட்டரி நற்சான்று கொடுத்துவிட்டார். எங்கள் கல்லூரியிலிருந்து அடுத்த வருஷமும் ஒரு பெண்ணையே அனுப்பச் சொல்கிறார். வலப்பக்கத்துக்காரர்கள் கோபிக்கவில்லையாம். நூலகத்துக்கு இந்த வருஷம் புது அலமாரி.

விடிகாலையில் சுளகுச் சத்தம் கேட்டு எழுந்தேன். போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுக்களைப் பக்கம் வந்தவள் கதவோரமே நின்றுவிட்டேன். புடைத்துக்கொண்டிருந்தது மதினி. எதிரில் சம்மணம் போட்டு அண்ணாச்சி, உள்ளங்கையை விரித்தபடி.

"நீங்க பொறுக்குத லட்சணம்! இம்புட்டு நாளும் கல்லோடதான் தின்னிருக்கோம்" என்று ஏசிக்கொண்டே மதினி ஒவ்வொரு கல்லாக எடுத்து அவர் கையில் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் அவர் எழுந்துபோய் அதை வாசலுக்கு வெளியே கொட்டினார். அரிசியை மதினி உலையில் போட்டாள்.