திட்டாமல் போட்ட டீ

ஞாயிற்றுக்கிழமை.

சாயந்திரம் டிவியில குளோனிங் படம். எப்பவும் போல நகலா வந்தவன்தான் கெட்டவன். கடைசியில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்க, நிஜப் புருஷன் எவன்னு தெரியாம பொண்டாட்டி துப்பாக்கியோட முழிக்கிறா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க பீங்கான் பட்டறையில ஒரே அச்சுல வர்ற நூறு பிள்ளையார்ல நான் பிசிறு தொடச்சது எதுன்னு பார்த்ததும் சொல்லிடுவேன்.

"என்னை மாதிரியே ஒருத்தி வந்தா எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"ன்னு வூட்டுக்காரரைக் கேட்டேன்.

"டீ கேப்பேன். திட்டிக்கிட்டே போடுறவதான் நீ"ன்னுட்டாரு.

அவ்ளோதானா நான்னு சுருக்குன்னுச்சு. எழுந்து போயி, ஒரு வார்த்தை திட்டாம, இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன்.

டம்ளரை வாங்காம என் மூஞ்சியையே பார்த்தாரு. "சர்க்கரை போட்டியா?"ன்னாரு மெதுவா.

"வாயில வச்சுப் பார்த்தா தெரியாதா?"ன்னு கத்திட்டேன்.

அப்புறம்தான் நிம்மதியா வாங்கிக் குடிச்சாரு.