பெருநாள் தலைவலி

ஜூன் 6, வெள்ளி

கச்சான் காற்று. கொடியில் போட்ட சட்டை இரண்டு பறந்து பக்கத்து வளவில். களப்பின் மேல் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிப் பறக்கிறார்கள். நாளை ஹஜ்ஜுப் பெருநாள்.

வேலைகள்: வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி சீவ. ஜன்னல் சீலை தோய்க்க. ஹஸ்னாவின் உடுப்புகளைப் பையில் அடுக்க.

ஹஸ்னா ராத்தாவின், என் அக்காவின், மகள். ஒன்பது வயது. ராத்தா குவைத்தில் வீட்டு வேலை, மச்சான் விட்டுப் போய் நாளாகிறது, பிள்ளை எங்களோடு. திங்களிலிருந்து ஹாஜியார் மாமா வீட்டில். உம்மாவின் தாய்மாமன் அவர். பெரிய வீடு. தனி அறை, டியூசன், எல்லாம் தன் பொறுப்பு என்றாராம். பெருநாள் சட்டையும் அவர் எடுத்ததுதான். வாப்பா மவுத்தான பிறகு ஆண் இல்லாத வீடு எங்களுடையது. உம்மா நன்றியில் கரைகிறா.

மத்தியானம் புத்தளத்திலிருந்து உம்மாவின் தங்கச்சி, ரிஸானா சாச்சி வந்தா. வரும்போதே நெற்றியில் சீலை கட்டியாயிற்று. ஒவ்வொரு பெருநாளும் இதுதான். நாங்கள் எல்லோரும் மாமா வீட்டுக்கு சலாம் சொல்லப் போவோம், சாச்சி கட்டிலில்.

உம்மா: "பிறையக் கண்டா ஊருக்குப் பெருநாள், இவளுக்குத் தலவலி."

சாச்சியும் சிரித்தா. பனடோல் இரண்டு, வெறுந்தேத்தண்ணி.

பையை அடுக்கும்போது ஹஸ்னா கேட்டாள்: "அந்த அறைக்கு உள்ளுக்குக் கொண்டி இரிக்கா?"

"பாருங்க பெரிய மனுசிய! கொண்டி போட்டுக்கிட்டுத்தான் படுப்பாவாம்" என்று உம்மா சிரித்தா. ஹஸ்னா சிரிக்கவில்லை.

ஜூன் 7, சனி. பெருநாள்

தொழுகை. பலகாரம். புதுச் சட்டையின் கஞ்சி வாசம்.

பிறகு சலாம் சுற்று. பிள்ளைகள் வீடு வீடாக ஏறி, பெரியவர்களின் கையைப் பிடித்து முத்தமிட்டுப் பெருநாள் காசு வாங்கவேண்டும். ஹஸ்னா எல்லா வீட்டுக்கும் முதல் ஆளாக ஓடினாள். மாமா வீட்டுக் கேற்றில் நின்றுவிட்டாள். இரும்புக் கம்பியைப் பிடித்த கை விடவில்லை.

உம்மா காதோடு: "அதபு இல்லாத புள்ள. மாமா எடுத்த சட்டையப் போட்டுக்கிட்டு மாமாக்கு சலாம் செல்ல ஏலாதா? வா உள்ளுக்கு."

விறாந்தையிலிருந்து அவர் குரல்: "வெக்கப்படுது. உடு மகள், நானே வாறன்."

வெள்ளைத் தொப்பி, அத்தர், புது ரூபாய்த் தாள் ஒன்று கையில். அவர் கேற்றடிக்கு வந்ததும் ஹஸ்னா நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும். அந்தச் சிரிப்பு இன்னும் காதில்.

வீட்டில் முடிவு: கண்ணூறு. லெப்பையிடம் ஓதிய தண்ணி எடுக்க ஆள் போயிற்று.

கட்டிலில் கிடந்த சாச்சி கேட்டா: "புள்ள உள்ளுக்குப் போகலியா?"

"இல்ல."

சாச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா.

ஜூன் 8, ஞாயிறு

கம்பஸில் மூன்று வருடம் சமூகவியல் படித்தேன். "சிறுவர் துஷ்பிரயோகம்: அறிகுறிகள்" என்று ஒரு பக்கம் இருந்தது. திடீர்ப் பயம், படுக்கை நனைப்பது, ஓர் ஆளை மட்டும் ஒதுக்குவது. பரீட்சையில் நன்றாக எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்துக்கு முகம் கிடையாது. நேற்றுக் கேற்றில் இருந்தது.

தலை பின்னிக்கொண்டே ஹஸ்னாவிடம் பேசினேன். முகம் பார்க்காமல் பேசுவது அவளுக்கு இலேசு. கேள்வி ஒன்றுதான்: அங்கே போக ஏன் விருப்பமில்லை? பின்னல் முடிந்தது. அவிழ்த்து மறுபடி பின்னினேன். சொன்னாள்.

அவள் சொன்னதை இதில் எழுதமாட்டேன். அது அவளுடையது.

நம்புகிறேன் என்றேன். உன்னில் பிழை ஒன்றுமில்லை என்றேன்.

யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப சட்டையத் திருப்பிக் குடுக்கணுமா?"

முன்பே ஒரு முறை உம்மாவிடம் "மாமா கூடாது" என்றாளாம். கிடைத்த பதில்: பெரியவங்களப் பத்தி அப்படிச் செல்லக் கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளை வாய் திறந்தது, நாங்கள் அதபு படிப்பித்தோம். கையை முத்தமிடப் படிப்பித்தோம். கையை உதறப் படிப்பிக்கவில்லை.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா முதலில் செய்தது: ஜன்னலைச் சாத்தினது.

"சத்தம் போடாத. இது வெளிய போனா நாளைக்கு அவள ஆரு கட்டுவான்?"

ஒன்பது வயது! கல்யாணத்தை யோசிக்கிறா.

"அனுப்பல்ல, சரியா? ஏதாச்சும் செல்லிச் சமாளிக்கிறன். பொலிசு கிலிசு என்டு போகாத. வயசு போன மனுசன். ரெண்டு தரம் ஹஜ் செஞ்சவர்."

"அவர்ட வீட்டுக்கு வேற எத்தின புள்ளைகள் போகுது உம்மா?"

உம்மா பேச்சை மாற்றினா. நாளை அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாவாம். நிறுத்தினால் கதை வருமாம். மீதி வட்டிலப்பத்தை அவருக்கென்று லேஸ் துணியால் மூடி அலுமாரியில் வைத்தா.

வெட்கப்படவேண்டியவன் அத்தர் பூசித் திரிகிறான். வெட்கம் முழுவதும் இங்கே, சாத்திய ஜன்னலுக்குள்.

ராத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் எல்லாம் சொன்னேன். ஒரு டிக்.

பக்கத்து அறையில் சாச்சி. கதவு திறந்தே கிடந்தது. எல்லாம் கேட்டிருக்கும்.

ஜூன் 9, திங்கள்

காற்று அடங்கவில்லை. காலையில் ராத்தாவின் குரல்பதிவு. பாதி அழுகை. கடைசியில் தெளிவாக: "என்ட புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ. ஊருக்கு நான் பதில் செல்றன்."

ஹஸ்னாவுக்குப் பழைய சட்டையை உடுத்தினேன். வெளியே வந்தால் சாச்சி, அபாயா போட்டு, கைப்பையோடு. நெற்றியில் சீலை இல்லை.

உம்மா: "தலவலியோட நீ எங்க போற?"

"எனக்கு ஒரு பெருநாளும் தலவலி இருக்கல்ல, ராத்தா."

உம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டா. சாச்சியின் முகத்தையும் ஹஸ்னாவையும் மாறி மாறிப் பார்த்தா. சாச்சிக்கு இந்த வருடம் முப்பத்தெட்டு. முதல் தலைவலி எந்த வயதில் என்று உம்மா கணக்குப் பார்த்திருக்கவேண்டும். வாயைப் பொத்திக்கொண்டா.

கேற்றில் ஹோர்ன். மாமாவின் வான். சாப்பாட்டுக்கு முன்னமே, ஹஸ்னாவின் பையை எடுக்க அவரே வந்திருந்தார்.

சாச்சி போய்க் கேற்றைத் திறந்தா. குரல் உதறியது. ஆனால் தெரு முழுக்கக் கேட்டது:

"புள்ள வரமாட்டா. நாங்க பொலிசுக்குப் போறம். வான எடுங்க, வழிய உடுங்க."

அவர் என்னவோ சொல்ல வாய் எடுத்தார். "ரிஸானா, நீ சின்னதுல இருந்தே..."

"ஓம்," என்றா சாச்சி. "சின்னதுல இருந்தேதான்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வான் பின்னுக்குப் போனது.

உம்மா எங்களோடு வரவில்லை. நாங்கள் இறங்கும்போது அலுமாரியைத் திறந்தா. லேஸ் துணியை உருவினா. வட்டிலப்பத்தைக் கோழிகளுக்குக் கொட்டினா. கொட்டின தட்டோடு வளவில் நின்றா.

புத்தளம் பஸ். ஹஸ்னா ஜன்னலோரம், சாச்சி நடுவில், நான். பாலாவியில் ஹஸ்னா ஐஸ் பழம் கேட்டாள். வாங்கினோம். மூன்று.

புத்தளம் பொலிசில் பெண்கள், சிறுவர் பிரிவு. தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ் நோனா, எங்களுக்குக் கதிரை காட்டிவிட்டுக் கேட்டா:

"நடந்தது யாருக்கு?"

ஹஸ்னா வகுப்பில் போலக் கையைத் தூக்கினாள்.

பக்கத்தில் சாச்சியும் தூக்கினா.