தடங்கலுக்கு நடுவே ஹவாய் கிட்டார்

அத்தை,

இன்று தொப்பூரில் பேருந்து டீக்கு நின்றபோது, பக்கத்து இருக்கைப் பெண்ணின் செல்போனில் அந்தக் கிட்டார் கேட்டது. கம்பியின்மேல் வழுக்கிக்கொண்டே போய் அழுவதுபோல் இழுத்து நிற்குமே, அதே ஹவாய் கிட்டார். எனக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியும் இந்த வெட்கம் விடவில்லை.

கடத்தூரில் நம் வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை டிவி வந்தபோது நான் புது மருமகள். ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கோ ஒரு தீவின் பெண்கள் அந்தக் கிட்டாருக்கு ஆடினார்கள். ஹூலா என்றார் அறிவிப்பாளர். இடுப்பு ஒரு பக்கம் போக, கைகள் மறுபக்கம் அலையாகப் போயின.

"கருமம், உடுத்தியிருக்கற லட்சணத்தப் பாரு" என்றீர்கள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

அதன்பின் ஒளிபரப்பு நின்றுபோகும்போதெல்லாம், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டையோடு அந்தக் கிட்டாரைத்தான் போடுவார்கள். ஒரு மதியம் நான் கொல்லையிலிருந்து துவரைக் கட்டோடு வந்தேன். திரையில் அட்டை. அதன் முன்னால் நீங்கள். சிறுவயதிலேயே கணவரை இழந்து, தெருவில் தலைநிமிராமல் நடக்கும் நீங்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கண்மூடி ஆடிக்கொண்டிருந்தீர்கள்.

சத்தம் கேட்டுத் திரும்பி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எந்நேரமா நிக்கற?"

"இப்பத்தானுங்க அத்தை."

"வெளிய சொல்லிடாத கண்ணு. மானம் போயிரும்."

அதற்குப் பிறகு டிவி ஓடினால் நீங்கள் ஆட்டுப் பட்டிக்குப் போய்விடுவீர்கள். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் நின்றது. எனக்குத் தாங்கவில்லை. அடுத்த முறை அந்த இசை வந்ததும் உங்களைக் கைபிடித்து இழுத்து வந்தேன்.

"இப்ப நான் ஆடறேன், நீங்க பாருங்க. அப்பறம் ரெண்டு பேருக்கும் ஒரே வெக்கந்தானுங்களே."

ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் என் இடுப்பு சுற்றியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "கை அப்படியில்ல, இப்படி" என்று எழுந்து வந்து நீங்களும் ஆடினீர்கள்.

வாசலில் உங்கள் மகன் நின்றிருந்தார். பக்கத்தில், திருவிழா பற்றிப் பேச வந்த, சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை.

"என்னா கூத்து இது?"

நீங்கள் என்னை மறைத்து நின்றீர்கள். "நாந்தான்டா ஆடச் சொன்னேன். அவள ஒண்ணும் கேக்காத."

அடுத்த ஞாயிறு கோயிலில், பெண்கள் பக்கம் யாரோ இடுப்பை ஆட்டிக் காட்ட, யாரோ சிரித்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டு இருவரும் முழந்தாளிட்டிருந்தோம். அந்த வாரமே டிவி பென்னாகரத்தில் கொழுந்தனார் வீட்டுக்குப் போனது. நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உங்கள் அடக்கத்தன்று, தலைநிமிராத பெண்மணி என்று பங்குச்சாமியார் சொன்னபோது எனக்கு வேளாங்கண்ணி ஞாபகம் வந்தது. அங்கே போனபோதுதான் நீங்கள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தீர்கள். உங்கள் மகன் மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தார். அலை பாதத்தை நனைத்துவிட்டுத் திரும்பியபோது, முந்தானைக்குள் உங்கள் வலது கை மெதுவாக ஒருமுறை அலைபோல் அசைந்தது. பக்கத்தில் என் கையும் அசைந்தது. நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவருமே கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வெட்கத்தையும் அந்த அசைவையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறேன், அத்தை. ஒன்றை விட்டுவிட்டு மற்றது என்னிடம் வருவதில்லை.