நான் அடித்த கிளி

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கூடாரத்தை இன்று வெளியே எடுத்தேன். உதறியதும் என் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டுத் தரையெல்லாம் செம்மண். மூக்கில் ஏறிய அந்தக் காய்ந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

தோழிகள் நாம் இருவரும் இந்தக் கூடாரத்தோடு போனது ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் இருந்த ஒரு தேசியப் பூங்காவுக்கு. பறவை பார்க்க வேண்டும் என்பது உன் பல வருட ஆசை. மண்சாலையில் வண்டி ஓட்டியது நான். தரையிலிருந்து எழுந்த கிளிக் கூட்டத்தில் ஒன்று கண்ணாடியில் மோதி விழுந்தது. ரோஜா நிற நெஞ்சு, முறிந்த சிறகு, திறந்து மூடும் அலகு. நான் அழுதுகொண்டு நின்றேன். நீ குனிந்து அதைக் கையில் எடுத்து, கழுத்தைத் திருகினாய்.

“நீயெல்லாம் மனுஷியா?”

“பொழைக்காது லா. விட்டா எறும்பு உயிரோட தின்னும்.”

மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீ மேகி மீ சமைத்து என் கூடாரத்து வாசலில் வைத்தாய். விடியற்காலையில் நீர்க்குட்டைக்குச் சின்னப் பச்சைக்கிளிகள் ஆயிரக்கணக்கில் இறங்கியபோது என் தோளைத் தொட்டுக் காட்டினாய். நான் திரும்பிக்கொண்டேன். இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி ஓட்டியது யார் என்று நீ ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

போன வருடம் புற்றுநோய் உன் எலும்புக்குள் போயிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கிளிக்கு நான் செஞ்சேன். எனக்கு யாரும் செய்ய மாட்டேங்கறாங்க” என்றாய்.

விரலை உருவிக்கொண்டேன். “பஸ் போயிடும்டி, நாளைக்கு வரேன்” என்றேன்.

போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. “வரியா?” என்று நீ அனுப்பும்போதெல்லாம், “வேலை லா” என்று பதில் போட்டேன். பன்னிரண்டாம் நாள் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது உன் தங்கை போன் செய்தாள். அங்கிருந்து நீ கிடந்த மருத்துவமனை நடக்கும் தூரம்தான்.

“அக்கா காலைல போயிட்டாங்க. உங்களைத்தான் கேட்டாங்க. நான் கூப்பிடறேன்னு சொன்னேன். அவளுக்கு வேலை அதிகம், தொந்தரவு பண்ணாதேன்னுட்டாங்க. அப்படியாக்கா?”

மீன்காரர் பையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

“ஆமாம்மா, ரொம்ப வேலை” என்றேன்.

அதை இன்றுவரை அவளிடம் மாற்றிச் சொல்லவில்லை.