கூடையோடு ஒரு போட்டோ

செவ்வாய், இரவு.

எங்கள் தேயிலை பெக்டரியைப் பார்க்க இன்று ஸ்பெயினிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுற்றிக்காட்டுவதுதான் என் வேலை. இதற்காகவே மாதக்கணக்கில் போனில் ஸ்பானிஷ் படித்தேன். இங்கிலிஷ் சொல் 'ஷன்' என்று முடிந்தால் அங்கே பெரும்பாலும் 'சியோன்', 'டி' என்று முடிந்தால் 'தாத்'. புரொடக்‌ஷன் ப்ரொதுக்சியோன் ஆகிறது, குவாலிட்டி கலிதாத் ஆகிறது. இது பிடிபட்டதும் சொற்கள் கொத்துக்கொத்தாக வந்தன.

மேனேஜர் என்னிடம் கொழுந்துக் கூடையை நீட்டினார். "பேசுறதுக்கு கொழும்புல இருந்து ஆள் வந்திருக்கு. நீ இத மாட்டிக்கிட்டு நில்லு, போட்டோவுக்கு நல்லாருக்கும்."

"சேர், நான் கொழுந்து பறிக்கிறவ இல்லைங்க. ஸ்பானிஷ் படிச்சிருக்கேன்."

"ஒங்கம்மா பறிச்சவதானே."

பறித்தால் என்ன? அதற்காக நான் பொம்மையா? அந்தக் கொழும்பு ஆள் பேசியதும் இங்கிலிஷ்தான். வேலை போய்விடுமே என்று கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்க வேறு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆசையாகக் கேட்டாள். "அவங்க பாஷையில பேசுனியா?"

"பேசுனேன்மா."

அவள் என் நெற்றியையே பார்த்தாள். கூடைக் கயிறு அழுத்திய தடம் இன்னும் மறையவில்லை.

"கயித்த இன்னும் கொஞ்சம் பின்னாடி போட்டிருக்கணும்" என்றாள்.