நான்காவது ஆள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார் என்று எத்தனை தடவை சொல்வது.

குச்சி சித்தப்பா வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார். அந்தப் பேரை எடுக்காதே என்று நீ சொன்னது மறக்கவில்லை, ஆனாலும் முழுதும் படி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தபோது, கூட வேலை பார்த்து மேலே நின்ற அவர், அப்பா "போடு" என்று குரல் கொடுக்கும் முன்பே சுவிட்சைப் போட்டுவிட்டார், அப்பா உயிரோடு மேலே வரவில்லை. உன்னைத் தோளில் சுமந்த மனுஷன். அன்றிலிருந்து நம் வீட்டுப் படி அவர் ஏறவில்லை, ஏறியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிக்குணி அம்மா நடத்தும் புத்த தியான வகுப்புக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தேனே. மனசு குரங்கு என்பார்கள், என்னுடையது குட்டி போட்ட குரங்கு. முதல் வாரம் நான் விட்ட குறட்டையில் பக்கத்திலிருந்தவருக்குத் தியானம் கலைந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலையில் இழுக்கும் மூச்சுக்கு ஒரு மடிப்பு, விடும் மூச்சுக்கு ஒரு மடிப்பு என்று போர்வை மடித்தால் கொஞ்ச நேரம் அழுகை வராது. பிறகு மைத்ரி என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். நன்றாக இருக்கட்டும் என்று முதலில் தனக்கே நினைக்க வேண்டும், பிறகு வேண்டியவருக்கு, பிறகு முன்பின் தெரியாதவருக்கு, நான்காவதாக ஆகாதவருக்கு. மூன்று பேர் வரை வண்டி ஓடும், நான்காவது ஆளிடம் அச்சாணி கழன்றுவிடும். பிக்குணி அம்மாவிடம் சொன்னேன். "வரலைன்னா வரலைன்னு தெரிஞ்சுக்கிட்டு உட்காருங்க, பொய்யா மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

போன செவ்வாய் போர்வை வண்டியை ஆண்கள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன், ஆறாவது கட்டிலில் அவர். ஈரல் போய்விட்டதாம், குச்சி என்ற பேருக்குக்கூட உடம்பு மிச்சமில்லை. என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வையை மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார், "அண்ணன் போடுன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு அண்ணி. சத்தியமா கேட்டுச்சு. இப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கு." என்ன நடந்தது என்று மூன்று வருஷமாக நான் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை கண்ணு. மன்னித்தேன் என்று வாயில் வரவில்லை, பொய் சொல்லவும் மனமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மூச்சு விட்டுவிட்டு வந்தது, அதையே கவனித்தேன். தண்ணீர் கேட்டார், தலையைத் தாங்கிக் கொடுத்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை "நல்லா இருங்க தம்பி" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். மறுநாள் கட்டில் காலி. எதுவும் நிலையில்லை என்று வாராவாரம் கேட்டு என்ன பிரயோஜனம், கேட்டதெல்லாம் காதோடு நின்றுவிட்டது.

உங்கள் இருவர் மனசும் குளிர்ந்திருக்கட்டும், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருங்கள். ஒன்று மட்டும். அவர் மகள், உன்னோடு ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள், உன் நம்பரைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அப்பாவைப் பறிகொடுத்தவள் எப்படி இருப்பாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிட்டால் எடு. பேச வரவில்லையென்றால் பேசாதே, வைத்துவிடாமல் மட்டும் இரு.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா