கடற்கரைக் கழிப்பறையும் ஐந்து உறுப்பினர்களின் அவசரமும்

அனுப்புநர்:
திருமதி ஈனிட் தாக்ரே (வயது 71),
3, மேட்டுச் சந்து,
ஸ்கெல்பி கடற்கரை.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
கட்டட அனுமதிப் பிரிவு,
ஸ்கெல்பி வட்டார மன்றம்.

பொருள்: கடற்கரைப் பொதுக் கழிப்பறைக்கான விண்ணப்பம் நான்காம் முறையாக ஒத்திவைக்கப்பட்டது குறித்தும், அதற்கு என் வீட்டுக் கழிப்பறை காரணமாகக் காட்டப்பட்டது குறித்தும் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வில்ஃப் தாக்ரே முப்பத்தெட்டு ஆண்டுகள் இவ்வூர்த் தபால்காரராக இருந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதுமுதல் அவரால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அடக்க இயலாது. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே ஒன்றேகால் வருடம் ஓடிவிட்டது.

2. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை பன்னிரண்டு நிமிட நடை. அங்கே கழிப்பறை இருந்தவரை அவர் தினமும் போய், பெஞ்சில் நண்பர்கள் மூவருடன் டொமினோ ஆடிவிட்டு வருவார். 2021 நவம்பர் புயலில் கழிப்பறையின் கூரை பறந்தது. அன்றிலிருந்து அவர் கடலைப் பார்க்கவில்லை.

3. அதே இடத்தில் புதிதாகக் கட்ட ஊர்நலச் சங்கம் விண்ணப்பித்தது. முதல் முறை, கதவின் பச்சை நிறம் பழம்பெருமை வாய்ந்த வீதிக்குப் பொருந்தாது என்று ஒத்திவைத்தீர்கள். சாம்பல் நிறம் என்று மாற்றினோம். இரண்டாம் முறை, கடற்காகங்கள் முட்டையிடும் காலம் என்றீர்கள். அவை முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறந்தும் போய்விட்டன. மூன்றாம் முறை, திரு. ஆக்டன் என்பவர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து கடல் தெரியாமல் போகும் என்று ஆட்சேபித்தார். அவர் வீட்டு ஜன்னல் பார்ப்பது ரொட்டிக் கடையை. ஆயினும் நேரில் பார்த்தே தீர்ப்பது என்று முடிவாயிற்று.

4. அவ்வாறே கடந்த பிப்ரவரி 21 அன்று, குழுவின் ஏழு உறுப்பினர்களில் ஐவர் வேனில் வந்தனர். ஒருவருக்குச் சளி, மற்றொருவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பார்வைக்கு வரும் உறுப்பினர்கள் ஊராருடன் பேசக்கூடாது என்பது தங்கள் விதி. ஆகவே மன்றத்தில் ஆளுக்கு இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வந்தவர்கள், வாடைக்காற்றில் ஐம்பது நிமிடம் வாய் திறவாமல் நின்று, இல்லாத கழிப்பறையை அளந்தனர்.

5. கடற்கரைவரை வேன் இறங்காது; அது நின்ற மேட்டில் முதல் வீடு எங்களுடையது. கதவு தட்டப்பட்டது. திறந்தால், குழுத் தலைவர் திரு. ஹெபிள்த்வெயிட் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, உங்ககிட்ட நான் பேசவே கூடாது. கொஞ்சம் உள்ள போயிட்டு வந்துடட்டுமா?" என்றார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று வழிவிட்டேன். அவர் பின்னாலேயே மற்ற நால்வரும் நுழைந்தார்கள். வரிசை என் சமையலறை வரை நீண்டது. காத்திருந்தவர்களுக்கு நான் இஞ்சி பிஸ்கட் கொடுத்ததும் உண்மை. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு நிறுத்தும் பழக்கம் எனக்கில்லை.

6. அந்நேரம் பார்த்து வில்ஃபுக்கும் வந்துவிட்டது. சொந்த வீட்டில், சொந்தக் கழிப்பறைக்கு, ஆறாவது ஆளாக நின்றார். "முன்னாடி போங்க" என்று நான் தள்ளியும், "அவங்க விருந்தாளிங்க, ஈனிட். சும்மா இரு" என்றுவிட்டார். அவருக்கு முன்னால் நின்ற உறுப்பினர் திருமதி சாட்டர்த்வெயிட் உள்ளே போய்க் கை மட்டும் கழுவினார். அதை நிதானமாகவே கழுவினார். அதற்குமேல் எழுதுவது ஒரு மனுவுக்கு அழகல்ல. அன்று பிற்பகல் நான் துணி துவைத்தேன்.

7. இனி விஷயம் முடிந்தது, தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும், ஐந்து பேருக்குத் தெரிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தேன். கடந்த செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நடந்தது என்ன? திரு. ஹெபிள்த்வெயிட் எழுந்தார். விண்ணப்பத்தை ஆதரித்துக் கடிதம் எழுதிய ஒருவரின் (அது நான்தான்) வீட்டில் தாம் சலுகை பெற்றுவிட்டதால், நடுநிலை கருதி விலகுவதாக அறிவித்துவிட்டு வெளியேறினார். அவரைப் பார்த்து, அன்று வந்தவர்களில் இன்னும் மூவர் போனார்கள். திருமதி சாட்டர்த்வெயிட், "நான் கைதானே கழுவினேன், அதுவும் கணக்கா?" என்று கேட்டார். கணக்குதான் என்றார் எழுத்தர்; அந்த அம்மாவும் போனார். மிஞ்சியவர்கள் இருவர். முடிவெடுக்க மூவர் வேண்டும். ஒத்திவைப்பு.

8. இதற்கிடையே தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கொரு கடிதம். மார்ச் 28 அன்று, விலகியவர்களுக்கு மாற்றாக வேறு உறுப்பினர்கள் மீண்டும் பார்வையிட வருவார்களாம். அன்று நான் கதவைத் திறக்க வேண்டாமாம். அட, நானா போய்க் கூப்பிட்டேன்? எனக்கு வந்த ஆத்திரத்தைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

9. ஆகவே தங்களை வேண்டுவது: விலகிய ஐவரையும் சாட்சிகளாகக் கொள்ளுங்கள். இந்தக் கழிப்பறை தேவையா என்பதற்கு இவர்களைவிட நேர்மையான சாட்சி ஏது? மீண்டும் பார்த்தே ஆகவேண்டுமென்றால் தாராளமாக வரட்டும். கிளம்புமுன் ஆளுக்கு இரண்டு கோப்பைத் தேநீர் தவறாமல் கொடுத்தனுப்புங்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அன்று என் கதவு பூட்டியே இருக்கும். எப்படியாயினும் ஏப்ரல் கூட்டத்தில் ஒரு முடிவைச் சொல்லிவிடுங்கள்.

10. கடற்கரைப் பெஞ்சில் அந்த நண்பர்கள் மூவரும் இன்றும் ஆட்டம் தொடங்கும்போது வில்ஃபின் ஏழு டொமினோக் காய்களையும் பிரித்து, அவர் இடத்தில் கவிழ்த்து வைக்கிறார்கள். இதை அவரிடம் சொன்னது என் தவறு. அன்றிலிருந்து தினமும் காலையில் காலணியை மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்துவிட்டு, பிறகு கழற்றி வைக்கிறார்.

11. இம்மனுவைத் தானே போய்த் தபாலில் சேர்ப்பதாகச் சற்றுமுன் பிடிவாதம் பிடித்தார். தபால் பெட்டிக்குப் போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். அவருடைய பதினைந்துக்கு ஒரு நிமிடம் கூடுதல். அதனால் நானே கொண்டுபோகிறேன்.

தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்,
ஈனிட் தாக்ரே
(கையொப்பம்)

இடம்: ஸ்கெல்பி கடற்கரை
நாள்: 9 மார்ச் 2023